மெல்ல நடப்பவள் முன்னால்

அன்பான றெஜினா,

உன் பெயரை எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாரும்" என்பேன். நீ "இஞ்சாருங்கோ" என்பாய். வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது அது போதும். இப்போது நான் ஒருவன். "இஞ்சாரும்" என்று மேலே எழுதினால் அது யாரைக் கூப்பிடுகிறது? அதனால்தான் பெயர். கோபிக்காதே.

ஓம், நானேதான் எழுதுகிறேன். மகள் ஜெனி எழுதவில்லை. நான் சொல்ல வேறு யாரும் எழுதவும் இல்லை. உன் மனுசன் சூசைப்பிள்ளையின் சொந்தக் கை. எழுத்து மெல்லத்தான் வருகிறது. ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். ஆனால் வரி முடிந்ததும் எனக்கு வருகிற சந்தோசத்தை என்னவென்று சொல்ல? எழுந்து நின்று ஒருமுறை வாசிப்பேன். அப்புறம் அதைக் காட்ட ஆளைத் தேடிக் குசினிப் பக்கம் திரும்புவேன். அங்கே நீ இல்லை. திரும்ப உட்காருவேன். இந்தக் கடிதம் முழுவதும் அப்படித்தான் எழுதப்படுகிறது.

வரும் ஞாயிறு உன் ஆண்டுப் பூசை. அதற்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். உன் நடைக்கூட்டத்துப் பெண்கள் வந்து, "அண்ணை, நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கோ" என்று கேட்டார்கள். என்னிடம் எழுத்துக் கேட்டு வந்த முதல் ஆட்கள் அவர்கள்! ஒரு பக்கம் போதாது என்று சொல்லிவிட்டேன். மலரை வாசிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்த சிலதையும் சொல்லத்தான் வேண்டும். பொறுத்துக்கொள்.

முதலில் என் புதினம், என் புதுச் செய்தி. நான் சிறுவயதிலேயே கடலுக்குப் போனவன், பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. ஒஸ்லோவுக்கு வந்து கட்டடங்கள் துப்புரவாக்கியபோதும் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் நீ வாசித்தாய். மருந்துப் போத்தலை நீ வாசித்தாய். ரயில் பலகையை நீ வாசித்தாய். நீ போன பிறகு உலகத்தில் இவ்வளவு எழுத்து இருக்கிறதென்று கண்டு பயந்துபோனேன்.

இப்போது தமிழ்க் கடைக்குப் போனால் நெடுநேரம் நிற்கிறேன். அரிசி மா. ஒடியல் மா. நெத்தலிக் கருவாடு. பெட்டி பெட்டியாக வாசிக்கிறேன். கடைக்காரர் கேட்டார்:

"என்ன அண்ணை, கனநேரமாத் தேடுறியள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. வாசிக்கிறன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து, உனக்குச் சொல்ல முடியாதே என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

யாருடைய உதவியும் இல்லாமல் நான் முதலில் வாசித்து முடித்தது எதை என்று நினைக்கிறாய்? உன் கல்லறைக் கல்லை. நோர்வே எழுத்துக்குக் கீழே ஜெனி தமிழிலும் பொறிக்கச் சொல்லியிருந்தாள். பனி உருகிய பிறகு போனேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். உன் பெயர் வந்தது. வாசித்துவிட்டேன் என்று துள்ளியது மனம். எதை வாசித்தேன் என்று அடுத்த நொடிதான் தெரிந்தது.

சரி. உன் நடைக்கு வருகிறேன். நீ கேட்க விரும்புவது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். டோவ்ரே மலையைத் தாண்டினார்களா, இல்லையா? சொல்கிறேன். உன் கூட்டம் மாதிரி மெல்லத்தான் சொல்வேன்.

மலர் வாசிக்கிறவர்களுக்கு: என் மனைவிக்கு நெஞ்சு பலவீனம். படி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டர் நடக்கச் சொன்னார். தனியே நடக்கப் பஞ்சிப்பட்டுத் துணைக்குப் பிலோமினாவைக் கூட்டிக்கொண்டாள். பிலோமினா எங்கள் ஹம்மர்பெஸ்ட் காலத்துச் சிநேகிதி. மீன் வெட்டும் மேசையில் இவளோடு பக்கத்தில் நின்றவள். பிறகு கோயிலில் பூசை முடிந்து நிற்கும் பெண்கள் சிலர் சேர்ந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஹவுகெட்டோ ஸ்டேஷனில் கூடுவார்கள், கடற்கரை வரை நடப்பார்கள், திரும்புவார்கள். எங்கள் மகள் ஜெனி விடுமுறையில் சேர்ந்துகொள்வாள்.

அப்போது நடந்ததை நீ எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். நீதான் எல்லோருக்கும் பின்னால் வருவாய். அவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று உனக்காகக் காத்திருப்பார்கள். நீ வந்து சேர்ந்ததும் "வந்திட்டாள், வெளிக்கிடுவம்" என்று எழும்புவார்கள். ஒருநாள் நீ ஒரு மரக்குற்றியில் இருந்துவிட்டாய்.

"நீங்கள் எல்லாரும் இளைப்பாறிப்போட்டு நான் வரேக்கை எழும்புறியள். அப்ப நான் எப்ப இளைப்பாறுறது?"

எழும்பியவர்கள் திரும்பப் பையை இறக்கி வைத்தார்கள். நீ தொடர்ந்தாய்:

"எனக்கு ஏலாது. அதால இனி நான்தான் முன்னுக்குப் போறது. என்னை ஒருத்தரும் முந்தக் கூடாது."

பிலோமினா, "அப்ப நாங்கள் நத்தாருக்குத்தான் போய்ச் சேருவம்" என்றாளாம்.

"நல்லது. பாலன் யேசுவைப் பாத்திட்டு வரலாம்" என்றாய் நீ.

அன்றிலிருந்து அதுதான் உங்கள் சட்டம். மிக மெல்ல நடப்பவள் முன்னால். மற்றவர்கள் அவள் காலைப் பார்த்துப் பின்னால். வேகம் போகக்கூடியவள் எல்லோருக்கும் கடைசியில். யாரும் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. யாரும் தனியே விடுபடவும் மாட்டார்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னாய்: "இவ்வளவு காலமும் உங்கட முதுகைப் பாத்து நடந்தனான். இண்டைக்குத்தான் முன்னால ஒரு முதுகும் இல்லாமல் காட்டைப் பாத்தனான்." நான் என்ன சொல்ல? என் முதுகு அவ்வளவு மோசமா என்று கேட்டேன். "மோசமில்லை. ஆனால் ஒரே முதுகு" என்றாய்.

அந்தத் துணிவில்தான் நீங்கள் பெரிய பாதையில் இறங்கினீர்கள். ஒஸ்லோவில் தொடங்கித் துரொண்ட்ஹெய்மில் பெரிய கோயில் வாசலில் முடியும் பழைய யாத்திரைப் பாதை. கோடைக்கு ஒரு துண்டு. போன வருடம் எங்கே நிறுத்தினீர்களோ அங்கே ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து மறுபடி. பையில் பருத்தித்துறை வடையும் தோடம்பழமும். முழங்காலுக்கு எண்ணெய். எங்களைப் போன்ற கணவன்மார் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு பகிடி பண்ணுவோம். பிலோமினாவின் கணவர் மரியதாஸ்தான் முதலாவது ஆள்.

"என்ன சூசையண்ணை, ஆமைப்படை இப்ப எதிலை நிக்குது?"

"லில்லெஸ்ட்ரோம் தாண்டீட்டுதாம்."

"அது போன வருசமெல்லோ!"

அதே மரியதாஸ் ஒருதரம் நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டு போனதும், மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வழி சொன்னதும், நீங்கள் அவரை அடுத்த ஸ்டேஷனில் ரயிலேற்றி அனுப்பியதும் அவர் மண்டபத்தில் சொல்லாத கதை. இப்போது நான் எழுதிவிட்டேன். அச்சில் வரட்டும்.

மலையடிவாரம் வரை வந்துவிட்டீர்கள். அடுத்த கோடை டோவ்ரே மலை என்றாய். மலைக்காகப் புதுச் சப்பாத்து வாங்கி வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினாய். அந்தக் கோடையில் ஆஸ்பத்திரியில் இருந்தாய். இலை கொட்டும் காலத்தில் போய்விட்டாய். சப்பாத்து வாசலில் இருக்கிறது. அதன் அடியில் இன்னும் மண் இல்லை.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தைப் பற்றி என்ன எழுதுவது? ஜெனி தன் பிள்ளைகளையும் வேலையையும் விட்டு எவ்வளவு காலம் என்னோடு இருப்பாள்? போனாள். உன் கைபேசியில் ஆட்கள் அனுப்பிய அனுதாபம் எல்லாம் எழுத்தாக இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன். உன்னைப் பற்றி ஊரே ஏதோ சொல்கிறது, என்ன சொல்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் எங்கள் கட்டடத்தின் சலவை அறையில் கவிதாவைக் கண்டேன். கீழ்மாடியில் இருக்கும் மதுரைப் பிள்ளை, லில்லெஸ்ட்ரோமில் கணினி வேலை. நீதான் அதே சலவை அறையில் வைத்து "பிள்ளை, நடப்பியோ?" என்று கேட்டு அவளைக் கூட்டத்தில் சேர்த்தாய். கைபேசியை அவளிடம் நீட்டினேன். வாசிக்கச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வேறு வந்துவிட்டது.

"பிள்ளை, எனக்கு எழுத்துத் தெரியாது. பழக்கி விடுவியோ?"

அவள் ஈரத் துணியை அப்படியே இயந்திரத்துக்கு மேலே வைத்தாள். "இதுக்கு ஏன் அங்கிள் இவ்வளவு தயங்குறீங்க? இன்னிக்கே ஸ்டார்ட் பண்ணிடலாம்."

அன்றே தொடங்கினோம். நம் குசினி மேசையில்தான். நான் சொல்லும் தமிழ் அவளுக்குப் புதினம், அவள் சொல்லும் தமிழ் எனக்குப் புதினம். தோடம்பழம் என்றேன், "அது ஆரஞ்சு அங்கிள்" என்றாள். எழுதும்போது எது வேண்டுமானாலும் எழுதலாம், பழம் ஒன்றுதான் என்று முடிவு செய்தோம்.

இப்போது மனவருத்தத்துக்கு வருகிறேன். உன் நடைக்கூட்டம் அடிக்கடி வீட்டுக்கு வந்தது. சாப்பாடு கொண்டுவந்தார்கள். செபமாலை சொன்னார்கள். ஆனால் நடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோயில் மண்டபத்தில் அவர்கள் கூடிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் கிட்டப் போனால் கதை மாறும். பிலோமினா, "அண்ணை, சாப்பிட்டனீங்களோ?" என்பாள். பனி போனது. மரம் துளிர்த்தது. மற்ற வருடங்களில் இந்த நேரம் நம் மேசையில் வரைபடம் விரிந்திருக்கும், வடை பொரிக்கும் மணம் இருக்கும். ஒன்றும் இல்லை. சரி, விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். றெஜினா போனாள், நடையும் போயிற்று. உன்னை இரண்டாம் முறை அடக்கம் செய்ததுபோல் இருந்தது. போங்கள் என்று நான் போய்ச் சொல்லவும் மனம் வரவில்லை. அவர்களாக வந்து கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்காதவர்களிடம் நான் ஏன் கதைக்க வேண்டும்?

ஒருநாள் பாடத்தின் நடுவில் கவிதா பென்சிலை வைத்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேட்கலாமா? தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க எப்ப சரின்னு சொல்லப் போறீங்க?"

"எதுக்குப் பிள்ளை?"

"டிரிப்புக்குத்தான். எல்லாரும் உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாங்க. பிலோமினா ஆன்ட்டி, வருசம் திரும்புறதுக்கு முன்னாடி, செத்த வீட்டுக்காரங்க வாயைத் திறக்காம நாங்க பையைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட கேட்கவும் கூடாதாம். கேட்டா உங்க மனசு நோகுமாம். எனக்கு இந்த ரூல் எல்லாம் புரியல அங்கிள்."

எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. இது எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. செத்த வீட்டுக்காரன் வாய் திறக்கட்டும் என்று அவர்கள் இருந்தார்கள். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று நான் இருந்தேன். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் ஒரு கோடை போய்க்கொண்டிருந்தது.

கவிதா இன்னொன்றும் சொன்னாள். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிலோமினாவின் கையைப் பிடித்து, "எனக்காக நிக்காதையுங்கோ. மலையைத் தாண்டுங்கோ" என்று சொன்னாயாம். அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் அந்த நேரம் வெளியே தேத்தண்ணீர் எடுக்கப் போயிருந்தேனோ?

பிலோமினாவின் முழங்கால் இப்போது மிகவும் மோசம். படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதில்லை. அடுத்த வருடக் கோடையில் அவளால் மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவளும் விட்டால் உன்னோடு தொடங்கியவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. இந்தக் கோடை போகாவிட்டால் அந்த நடை மலையடிவாரத்தோடு முடிந்துவிடும். உன் வாசகமும் அங்கேயே கிடக்கும்.

"பிள்ளை, அந்தத் தாளைத் தா" என்றேன்.

எழுதினேன். பெரிய எழுத்து, கோணல் எழுத்து. "போங்கோ. மெல்லப் போங்கோ." அவ்வளவுதான். கீழே என் பெயர். பாடத்துக்காக இல்லாமல், இன்னொரு மனுசருக்காக நான் எழுதிய முதல் வரி அது. கவிதா அதைப் படமெடுத்து அவர்களுடைய குழுவுக்கு அனுப்பினாள். பிறகு பிலோமினாவின் குரல் வந்தது, மூக்கு அடைத்த குரல்.

"ஆர் எழுதினது உது? பிள்ளை, நீயோ எழுதினனி?"

கவிதா கைபேசியை என் வாய்க்கு முன்னால் பிடித்தாள். "நான்தான்" என்றேன்.

"பொய் சொல்லாதையுங்கோ அண்ணை."

"உம்மாணை நான்தான்."

பிறகு அவள் அழுதது மட்டும் கேட்டது. அழுகை நின்றதும், "எழுத்து வடிவாத்தான் இருக்கு, ஆனால் 'ங்கோ' கொஞ்சம் படுத்திருக்கு" என்றாள். பிலோமினா பிலோமினாதான்.

ஆவணி மாதத்தில் வெளிக்கிட்டார்கள். ஜெனியும் லீவு எடுத்துக்கொண்டு போனாள். ஒஸ்லோ ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். வழக்கமாக உன் பையை ரயில் பெட்டி வரை நான்தான் தூக்குவேன். இந்த முறை கையில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெண்கள் ஏறினார்கள். கதவு மூடும் வரை அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று கேட்காதே. வண்டி போன பிறகு பலகையில் இருந்த ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்ட முயன்றேன். அது நோர்வே எழுத்து. அதற்கு நான் இன்னும் வரவில்லை.

அவர்கள் போன நாட்களில் மழை. யன்னலால் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மலையில் கைபேசி வேலை செய்யாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் கையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பி வந்த அன்று ஜெனி நேரே நம் வீட்டுக்கு வந்தாள். மேல்சட்டையைக் கழற்றாமலே குசினியில் இருந்து சொன்னாள்.

"அப்பா, முதல் நாள் சரியே இல்லை."

ஏன் என்று கேட்டேன்.

"முன்னால ஆர் போறதெண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை. அம்மாவின்ர இடத்தில நிக்க ஒருத்தருக்கும் விருப்பமில்லை. பிலோமினா மாமியைப் போகச் சொன்னனாங்கள். 'றெஜியின்ர இடத்தில நானோ?' எண்டு பேசிப்போட்டா. பிறகு எல்லாரும் தங்கட தங்கட பாட்டுக்கு நடந்தம். கால் போன வேகத்துக்கு."

அன்று அவர்கள் தங்கவிருந்தது ஒரு சின்ன மர வீடு. ஜெனி அதை ஹித்தே என்பாள், இங்கத்தைய பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதன் பூட்டுத் திறப்பைத் தோட்டத்துக்காரப் பெண் ஒருத்தி பின்னேரம் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. எந்த நேரம் என்பதை உன் நடையின் கணக்கில், போன வருடங்களின் பழக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். நீ இல்லாமல் நடந்தவர்கள் மிக முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கதவு பூட்டு. மழை. ஒதுங்க இடமில்லை. சுவரோடு ஒட்டி நின்று நனைந்தார்கள். பிலோமினா இன்னும் வரவில்லை. அவள் பின்னால் தனியே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூடுபனிக்குள்ளிருந்து கடைசியாக வந்தாளாம்.

றெஜினா, அந்த இடத்தை ஜெனியிடம் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இத்தனை வருடத்தில் உங்கள் கூட்டத்தில் ஒருத்தி தனியே வந்தது அன்றுதான். நீ இல்லை என்பதை அவர்கள் கண்டது பூசையில் இல்லை, அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால்தான்.

பிலோமினா வந்து சுவரில் சாய்ந்தாளாம். மூச்சு வாங்கி முடியவில்லை. பிறகு தொடங்கினாள்.

"சூசையண்ணை என்ன எழுதினவர்? போங்கோ எண்டு மட்டுமோ எழுதினவர்? அந்த மனுசன் கிழட்டு வயசில அ ஆ படிச்சு, மெல்லப் போங்கோ எண்டு எழுதித் தந்தவர். நீங்கள் பாதியைத்தான் வாசிச்சியள்."

கவிதா மட்டும், "ஆன்ட்டி, நீங்க ஏன் பின்னாடி வந்தீங்க? கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாளாம்.

"கூப்பிட்டால் எனக்கு ஏலாதெண்டு தெரிஞ்சிடுமெல்லோ" என்றாள் பிலோமினா.

திறப்பு வந்து, உள்ளே அடுப்பு மூட்டி, ஈரச் சட்டைகளைக் கயிற்றில் போட்டுவிட்டு வடைப் பெட்டியைத் திறந்தபோதுதான் மறுபடி பேசினாள்.

"றெஜி முதல் நாளே சொன்னவள், எனக்கு ஏலாதெண்டு. வெக்கப்படாமல் சொன்னவள். அது அவளின்ர இடமில்லை, ஏலாதவளின்ர இடம். நாளைக்கு நான் முன்னுக்கு. என்னை ஒருத்தியும் முந்தக் கூடாது."

மலை ஏறிய நாளை ஜெனி சொன்னபடி சொல்கிறேன். மூடுபனி. மரமே இல்லாத வெறும் நிலம், கல்லும் வெள்ளைப் பாசியும். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிலோமினா முன்னால், இரண்டு கையிலும் தடி. ஒரு அடி, ஒரு மூச்சு. அவளுக்குப் பின்னால் எல்லோரும். கால் வேகமான கவிதா கடைசியில். நோர்வேப் பெண்கள் இரண்டு பேர் பின்னால் வந்து, முந்தாமல் கொஞ்சத் தூரம் அவர்களோடேயே நடந்துவிட்டுப் போனார்களாம். ஒரு இடத்தில் பனி விலகியபோது தூரத்தில் கஸ்தூரி எருது ஒன்று நின்றது, மயிர் தரையில் இழுபட.

"உதென்ன, கம்பளி போர்த்த எருமையோ?" என்றாள் பிலோமினா.

"மாமி, சத்தம் போடாதையுங்கோ. கோவம் வந்தால் துரத்தும்."

"துரத்தட்டும். என்னாலை ஓடேலாது. சட்டப்படி நீங்களும் என்னை முந்தேலாது."

எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்து முடிய எல்லோரும் அழுதார்களாம். நீ இருந்தால் இதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பாய். என்ன சொல்லியிருப்பாய் என்று அவர்கள் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்து, ஒருவருக்கும் வரவில்லையாம். எனக்கும் வரவில்லை. இரண்டு வாரமாக யோசிக்கிறேன்.

உச்சியில் போகிறவர்கள் கல் வைத்துவிட்டுப் போகும் குவியல் ஒன்று உண்டு. அதில் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். காற்றில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காமல் ஒரு காரணிக்கம், பத்து மணிச் செபமாலை சொன்னார்கள். பிறகு இறங்கினார்கள். பிலோமினாவுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. அந்தப் பக்கத்து அடிவாரத்தில் அன்று தங்கும் வீட்டுக்கு வந்தபோது, அங்கத்தைய தோட்டத்துக்காரி விளக்குப் போட்டுவிட்டாளாம். ஆனால் கதவு திறந்திருந்தது, சூப் கொதித்துக்கொண்டிருந்தது. உரிய நேரத்துக்கு வந்திருந்தார்கள். உன்னுடைய நேரத்துக்கு.

தாண்டிவிட்டார்கள், றெஜினா. டோவ்ரே மலை உனக்குப் பின்னால் போய்விட்டது.

உனக்குச் சந்தோசமா? எனக்குச் சந்தோசம்தான். ஆனால் ஜெனி சொல்லி முடித்து, ஈரச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் உன் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் மலை முழுதும் ஒட்டியிருந்தது. மற்றது கடையில் வாங்கியபடி இருந்தது. நான் எழுந்து போய்க் கேத்திலைப் போட்டேன். வேறு என்ன செய்ய?

ஜெனி கேட்டாள், "அப்பா, அம்மாவின்ர சப்பாத்தை நான் போடட்டோ? எனக்கு அளவு வரும்." நான் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். அவள் போன பிறகு, தெரிந்த எழுத்தில், "போடு பிள்ளை" என்று அவளுக்கு அனுப்பினேன். வாயால் சொல்ல முடியாததைச் சொல்லவும் எழுத்து உதவுகிறது. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

இனி மிச்சம் ஒரு துண்டு. மலைக்கு அந்தப் பக்கமிருந்து துரொண்ட்ஹெய்ம் வரை. பெரிய ஏற்றமில்லை, ஆறும் தோட்டமும் என்கிறார்கள். பிலோமினாவின் டாக்டர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அடுத்த கோடைக்குப் போகிறார்கள். இந்த முறை என்னிடம் நேரே வந்து கேட்டார்கள். நானும் உடனே ஓம் என்றேன். பிழை விட்டுத்தான் பழகுகிறோம்.

ஆண்கள் அந்த நடைக்குப் போக முடியாது. மரியதாசின் கதை தெரியும். நான் போகவும் மாட்டேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவர்கள் முடிக்கிற நாளில் நான் ரயிலேறித் துரொண்ட்ஹெய்முக்குப் போவேன். ஸ்டேஷன் பலகையை நானே வாசிப்பேன். அதற்குள் நோர்வே எழுத்தும் பழகிவிடுவேன். பெரிய கோயில் வாசலில் தேத்தண்ணீர்ப் போத்தலோடு நிற்பேன். அவசரப்படுத்த மாட்டேன். மணிக்கூட்டைப் பார்க்க மாட்டேன். முன்னால் பிலோமினா வருவாள், தடியை ஊன்றிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். உன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஜெனி. எல்லோருக்கும் கடைசியில் கவிதா. ஆளாளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன்.

எல்லோரும் வந்து சேர்ந்த பிறகும் நான் உடனே உள்ளே போக மாட்டேன். அவர்கள் கூப்பிட்டாலும் போக மாட்டேன். போத்தலில் ஒரு கோப்பைக்கு மிச்சம் வைத்துக்கொண்டு, அந்தப் பாதையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்பேன். யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் நிற்பேன். நீ மெல்லத்தானே நடப்பாய்.

இப்படிக்கு,
இதைத் தன் கையால் எழுதிய, நீ "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்ட,
உன் மனுசன்
சூசைப்பிள்ளை
ஹவுகெட்டோ, ஒஸ்லோ